மூன்றாவது ஓட்டம்

ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஞானசம்பந்தம் கண்ணைத் திறக்காமலே "பைப்பு" என்றார்.

குமுதா எழுந்து சமையலறைக்குப் போய்ப் பார்த்தாள். பைப்பு இறுக மூடியிருந்தது. குளியலறையிலும் சொட்டவில்லை. திரும்பி வந்து, "எல்லாம் மூடித்தாங்க இருக்கு" என்றாள்.

"வீட்டு பைப்பு இல்ல." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "காரு பைப்பு. இர்ஃபான் மாத்திட்டானா?"

கட்டிலை ஹாலுக்குக் கொண்டுவந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. கார் நிறுத்தும் முன்பக்கத்தைப் பார்த்தாற்போல ஜன்னலோரம் போடச் சொன்னதும் அவர்தான். ஜன்னலுக்கு வெளியே கருநீல வால்வோ பானெட்டைத் திறந்துகொண்டு நின்றது. முப்பது வருஷத்துக்கு மேலான கார். அதற்குள் குனிந்திருந்த இர்ஃபானின் முதுகு மட்டும் தெரிந்தது. பூச்சோங்கில் வொர்க்ஷாப் வைத்திருப்பவன். இருபது வருஷமாக அவருக்கு மெக்கானிக், அதைவிடக் கூடுதலாகச் சினேகிதன். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் காலை எட்டு மணிக்கே பண்டமாரானிலிருந்த இந்த வீட்டுக்கு வந்துவிட்டான்.

"மாத்திக்கிட்டுத்தான் இருக்காரு."

"சின்ன பைப்பு. டர்போலேர்ந்து வர்றது. அதைத்தான் மாத்தணும்."

உங்களுக்கு இப்ப இதுதான் முக்கியமா என்ற கேள்வி வாய்வரை வந்தது. குமுதா பஞ்சை மறுபடி தண்ணீரில் நனைத்துக்கொண்டாள்.

எட்டரை மணிக்கு வந்துபோன நர்ஸ், வலிக்கு ஒட்டும் பட்டையை மாற்றிவிட்டு, கேட்டருகே நின்று குரலைத் தாழ்த்திச் சொல்லியிருந்தாள்: "இன்னிக்கோ நாளைக்கோதான் அக்கா. மகளை வரச் சொல்லிடுங்க." ஷாமினிக்கும் மருமகன் குகனுக்கும் பினாங்கிலிருந்து கிளம்பி வர மத்தியானமாகிவிடும். வீட்டில் குமுதாவோடு இருந்தது ஞானசம்பந்தத்தின் அக்கா பஞ்சவர்ணம் மட்டும். பிரிக்ஃபீல்ட்ஸிலிருக்கும் தன் ஃபிளாட்டைப் பூட்டிவிட்டு வந்து நாலு நாளாகிறது. எழுபத்திரண்டு வயது. தாய் செத்தபோது ஒன்பது வயதாயிருந்த தம்பியைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள். கட்டிலின் கால்மாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ராப்பகலாக அதிலேயே உட்கார்ந்திருந்தாள். படுத்துக்கொள்ளுங்கள் அண்ணி என்று குமுதா சொன்னதையெல்லாம் அவள் காதில் வாங்கவில்லை.

"சாவக் கெடக்கறப்பவும் இந்தக் காரா" என்றாள் பஞ்சவர்ணம் இப்போது, யாரையும் பார்க்காமல்.

குமுதாவுக்கும் அந்தக் காரைப் பிடிக்காது. அது ஊரறிந்த விஷயம். ஷாமினிக்கு மூன்று வயதாயிருந்தபோது ஒரு தீபாவளிக்கு மூன்று பேருமாக பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கும் வேலையிலிருந்த ஞானசம்பந்தம், அதற்கு முந்தின வாரம்தான் டர்போவின் காற்றழுத்தத்தை, பூஸ்டை, கூட்டவென்று சின்னதாக ஒரு பித்தளை வால்வைத் தானே மாட்டியிருந்தார். அது வேலை செய்கிறதா என்று ஃபெடரல் ஹைவேயில் பார்க்க நினைத்தார். டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பூஸ்ட் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டுக்கு ஏறியது. மடியில் குழந்தை வீறிட்டது. "நிறுத்துங்க" என்று குமுதா கத்தினாள். அவர் சிரித்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் இரு" என்றார். சுபாங் பக்கம் சிக்னலில் கார் நின்றதும் அவள் குழந்தையோடு இறங்கி, டாக்சி பிடித்துப் போனாள். அன்றிலிருந்து அவர் ஓட்டும்போது அந்தக் காரில் அவள் முன்சீட்டில் உட்கார்ந்ததில்லை. பின்சீட்டில்தான். புருஷன் டிரைவர் மாதிரி ஓட்ட, பெண்டாட்டி பின்னால் உட்கார்ந்து போவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர்கள், பட்டம் வாங்கிய பெரிய மனிதரின் பெண்டாட்டியைச் சொல்வதுபோல, 'டத்தின்' என்று கேலி செய்தார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். முன்னால் உட்கார்ந்தால் அந்த முள்ளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அவள் சொந்தமாக ஓட்டிக்கொண்டிருந்த சின்னக் கஞ்சில் காரை ஷாமினி பினாங்குக்கு எடுத்துப்போய்விட்டாள். போன மாதம் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வழியில்லாமல் வால்வோவைத்தான் எடுத்தாள். மேம்பாலத்தில் ஏறும்போது ஒரு லோரியைத் தாண்டலாமென்று அழுத்தியதும் கார் திமிறிக்கொண்டு பாய்ந்தது. அடுத்த நொடியே யாரோ எட்டி உதைத்ததுபோல வெட்டி இழுத்து நின்றுபோகப் பார்த்தது. பின்னால் வந்த இன்னொரு லோரிக்காரன் ஹார்னை விடவேயில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கையை டேஷ்போர்டில் ஊன்றியிருந்தார். முகம் சாம்பலாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவள், "இந்தச் சனியனை யாருக்காவது வித்துத் தொலைங்க" என்றாள். அன்று மாலையிலிருந்து அவர் இர்ஃபானுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார்.

பத்தரை மணிக்கு இர்ஃபான் கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தான். கட்டிலருகே குனிந்து, காதுக்குக் கேட்கும்படி சொன்னான்.

"அண்ணே, நீங்க சொன்னது கரெக்ட். பைப்பு அடிப்பக்கம் வெடிச்சிருந்துச்சு. புதுசு போட்டுட்டேன். உங்க பித்தளை வால்வையும் கழட்டிட்டேன்."

அவர் தலையை அசைத்தார். "கம்பி?"

"துருப்பிடிச்சு இறுகிக் கெடந்துச்சு. எண்ணெய் விட்டு ஆட்டி ஆட்டி விட்டாச்சு. இப்ப லேசா போய் வருது."

குமுதாவின் முகத்தைப் பார்த்து அவனே அவளுக்காகவும் சொன்னான். "ஒண்ணுமில்லக்கா. டர்போ காத்தை அமுக்கி இஞ்சினுக்குள்ள தள்ளும். அளவுக்கு மேல போனா ஒரு கம்பி நகர்ந்து சின்னக் கதவு ஒண்ணைத் தொறக்கும். மிச்சப் புகை டர்போவைச் சுத்தவிடாம வேற வழியா வெளிய போயிரும். வேஸ்ட்கேட்னு சொல்லுவோம். அந்தக் கம்பிக்கு இவ்ளோ அழுத்தம் இருக்குன்னு சொல்றதுதான் இந்த பைப்பு. பைப்பு வெடிச்சுட்டா கம்பிக்கு ஒண்ணும் தெரியாது, கதவு தொறக்காது. பூஸ்ட் ஏறிக்கிட்டே போகும். கம்ப்யூட்டர் பயந்துபோயி பெட்ரோலை நிறுத்திரும். அன்னிக்கு உங்களுக்கு வெட்டுனது அதான்."

"இப்ப சரியாயிடுச்சா?"

"கம்பி நீளத்தை ஒரு குத்துமதிப்பா வச்சிருக்கேன். ரோட்டுல ஓட்டிப் பாத்துத்தான் செட் பண்ணணும். நான் ஒரு ரவுண்ட் போயிட்டு வந்துடறேன்."

"நீ ஓட்டாத" என்றார் ஞானசம்பந்தம். இந்த வாரத்தில் அவர் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. "அவ ஓட்டணும். அவ காலுக்குச் செட் பண்ணு."

"நான் எங்கயும் வரல" என்றாள் குமுதா.

"பக்கத்துல போய் வாறதுதானே. அக்கா இருக்கா."

"தம்பி, நீ பேசாமக் கெட" என்றாள் பஞ்சவர்ணம். "பொண்டாட்டி பக்கத்துல இருக்க வேண்டிய நேரம்லா இது."

அவர் அக்காவைப் பார்க்கவில்லை. குமுதாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்வெள்ளை மஞ்சளாகிவிட்ட அந்தக் கண்களில் கெஞ்சல் எதுவும் இல்லை. துறைமுகத்தில் ஷிஃப்ட் முடித்துக் கிளம்பும்போது அடுத்த ஆளிடம் வேலையை ஒப்படைக்கிறவனின் பொறுமையின்மைதான் இருந்தது.

"எனக்கப்புறம் நீதான் ஓட்டணும்" என்றார். "நான் வச்ச அளவு ஒனக்கு ஆகாது."

அதற்குப் பிறகு குமுதாவால் மறுக்க முடியவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டாள். தலையணையைச் சரி செய்தாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்து போர்வையை இழுத்துவிட்டாள்.

"முள்ளை இர்ஃபான் பாத்துக்குவான்" என்றார் அவர். "நீ ரோட்டைப் பாரு."

*

தீவுத் துறைமுகத்திலிருந்து ஜெஞ்சாரோம் பக்கமாக வரும் ஹைவேயில் ஞாயிற்றுக்கிழமைகளில் கன்டெய்னர் லோரிகள் குறைவு. இரண்டு பக்கமும் செம்பனை. இர்ஃபான் முன்சீட்டில் உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். குமுதாவின் கைப்பை பின்சீட்டில் கிடந்தது. கையெல்லாம் வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது.

"அறுபதுல வாங்க. நான் சொன்னதும் முழுசா அழுத்துங்க. நூத்திப் பத்து வந்ததும் விட்டுடுங்க. வெட்டுச்சுன்னா பயப்படாதீங்க, காலை மட்டும் எடுங்க."

"வெட்டுமா?"

"வெட்டாதுக்கா. சும்மா சொன்னேன். ம், இப்ப."

அழுத்தினாள். கார் ஒரு கணம் யோசித்தது. பிறகு கியர் ஒன்று இறங்கி, முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஓடியது. நூற்றுப் பத்தைத் தொடுமுன்பே அவள் காலை எடுத்துவிட்டாள்.

"அழுத்தம் முக்கால் பாருக்குப் போகுது" என்றான் இர்ஃபான். "அரையில நிக்கணும். ஓரமா நிறுத்துங்க."

சாலையோரத்தில் அவன் பானெட்டைத் திறந்து, கொதிக்கும் டர்போவுக்குப் பக்கத்தில் ஈரத்துணியைச் சுற்றிய கையை விட்டான். கம்பியின் நுனியைக் கழற்றி, இரண்டு சுற்று வெளியே திருப்பி நீளமாக்கி, மறுபடி மாட்டினான். விரல் சுட்டுவிட்டது. வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே வந்து உட்கார்ந்தான். "நீளமா இருந்தா கதவு சீக்கிரமே தொறந்துக்கும். இப்ப பாப்போம்."

அடுத்த திருப்பம் வரைக்கும் போய், திரும்பி வந்து, மறுபடி அறுபது. அழுத்தினாள். இந்த முறை கார் பாயவில்லை. ஆனால் பின்னாலிருந்து அகலமான ஒரு கை முதுகில் வைத்துத் தள்ளியதுபோல இருந்தது. அது எங்கேயும் வெட்டாமல், திமிறாமல், ஒரே சீராகத் தள்ளிக்கொண்டே போனது. இஞ்சின் சத்தத்துக்கு அடியில் மெல்லிசாக ஒரு விசில்.

"அரை" என்றான் இர்ஃபான். "அரையிலயே நிக்குது. முள்ளு ஆடவேயில்ல. முடிஞ்சதுக்கா, வீட்டுக்குப் போலாம்."

குமுதா வண்டியை மெதுவாக்கினாள். வீட்டுக்குப் போகும் வெளிவழி இடப்பக்கம் வந்தது. அம்புக்குறியைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை பாத்துடுவோம்" என்றாள்.

இர்ஃபான் அவளைத் திரும்பிப் பார்த்தான். தேவையில்லை என்று அவனுக்குத் தெரியும். "சரிக்கா" என்று மட்டும் சொன்னான்.

மூன்றாவது தடவை அவள் அறுபதில் அழுத்தவில்லை. முன்னால் சாலை நேராக, காலியாகக் கிடந்தது. ஐம்பதுக்குக் கொண்டுவந்து, ஜன்னலை இறக்கிவிட்டு, காலை முழுதாக வைத்தாள். காற்று உள்ளே புகுந்து முடியைக் கலைத்தது. விசில் சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. செம்பனை மரங்கள் வரிசை வரிசையாகத் திறந்து மூடின. ஆறு வாரமாக மருந்து நேரங்களையும் மலஜலத்தையும் மூச்சின் எண்ணிக்கையையும் தவிர வேறெதுவும் நுழையாத தலைக்குள் ஒன்றுமே இல்லை. அவள் சிரித்துவிட்டாள். வாய்விட்டு, சத்தமாக. ஐம்பத்தொன்பது வயதில் தன் வாயிலிருந்து வந்த அந்தச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. இர்ஃபான் மீட்டரிலிருந்து கண்ணை எடுத்து வெளியே பார்த்துக்கொண்டான்.

வேகம் குறைந்து, ஜன்னலை ஏற்றிய பிறகுதான் பின்சீட்டில் கைப்பைக்குள் போன் அடிப்பது கேட்டது. இர்ஃபான் கையை நீட்டி எடுத்துக் கொடுத்தான். தவறிய அழைப்புகள் நான்கு. எல்லாம் பஞ்சவர்ணம். முதல் அழைப்பு பதினொன்று முப்பத்தெட்டு.

*

வீட்டுக்குள் நுழைந்தபோது பஞ்சவர்ணம் அழவில்லை. ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்து, ஞானசம்பந்தத்தின் தாடையைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு சரியாக விழவில்லை. இரண்டாம் முறையும் அவிழ்த்துக் கட்டினாள்.

குமுதா கட்டிலருகே உட்கார்ந்து அவர் கையை எடுத்துக்கொண்டாள். உள்ளங்கையில் இன்னும் சூடு இருந்தது.

"எங்கடி போன?" என்றாள் பஞ்சவர்ணம். "பக்கத்துலதானே போயிட்டு வரேன்ன. எத்தனை தடவை அடிச்சேன்."

"கார்..." என்றாள் குமுதா. "காரு சரியாவல அண்ணி. நடுரோட்டுல நிறுத்தி நிறுத்திப் பாக்க வேண்டியதாயிடுச்சு. அதான்."

கதவருகே நின்றிருந்த இர்ஃபான் தலையைக் குனிந்துகொண்டான். சுட்ட விரலைத் துணிக்குள் மூடிப் பிடித்திருந்தான்.

"என் மடியிலதான் போனான்" என்றாள் பஞ்சவர்ணம். "ரெண்டு சொட்டுப் பால் விட்டேன். முழுங்கினான். என்னையே பாத்துக்கிட்டு இருந்து அப்படியே கண்ணை மூடிட்டான்."

அப்போதுதான் பஞ்சவர்ணம் அழ ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் குமுதாவுக்கென்று நேரமே இல்லை. ஷாமினி வந்து விழுந்து அழுதாள். குகன் டாக்டரிடமும் போலீஸ் நிலையத்திலும் சாவுக்கான காகிதங்களை வாங்கிக்கொண்டு வந்தான். கூடாரம் போட்டார்கள். நாற்காலிகள் வந்தன. துறைமுகத்தில் கூட வேலை பார்த்தவர்கள் வந்து, வந்த வேகத்திலேயே வால்வோவைச் சுற்றி நின்று பேசினார்கள். குமுதா யாரோ கொடுத்த காப்பியைக் குடித்தாள், யாரோ சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள். தலைக்குள் ஒரே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓரமாக நிறுத்திக் கம்பியை நீட்டியபோது மணி பதினொன்று இருபது. இரண்டாவது முறை ஓட்டியபோது பதினொன்றரை இருக்கலாம். அங்கேயே திரும்பியிருந்தால் முப்பத்தெட்டுக்கு வீட்டுக்கு வந்திருக்க முடியுமா? முடியாது. ஆனால் போனையாவது எடுத்திருப்பாள். போனை எடுத்திருந்தால்? அதற்குமேல் கணக்கு நகராமல், ஜன்னலை இறக்கிய இடத்திலேயே போய் நின்றது. அவர் பால் குடித்துக் கண்ணை மூடியபோது தான் சிரித்துக்கொண்டிருந்தோம் என்ற இடத்தில்.

திங்கட்கிழமை மத்தியானம் இறுதிக் காரியம். இர்ஃபான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, சந்து முனையில் நின்று வரும் கார்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். உடலைக் குளிப்பாட்டிக் கூடாரத்துக்குக் கொண்டுவந்து வைத்தபோது கடைசியாகப் பார்க்க உள்ளே வந்தான். பஞ்சவர்ணம் அவனைப் பார்த்துவிட்டாள்.

"இந்தா நிக்கிறான் பாருங்க" என்றாள் சுற்றியிருந்தவர்களிடம். "இவன்தான். காரு பாக்கறேன்னு கட்டுன பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போயி ரோட்டுல நிக்க வச்சுட்டான். கடைசி மூச்சுக்கு அவ இல்லாமப் போயிட்டா. நல்ல மெக்கானிக்குன்னு இவனைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுனான் என் தம்பி."

தாளம் போட்டுக்கொண்டிருந்தவர்கூட நிறுத்தினார்.

குமுதா நிமிர்ந்தாள். இர்ஃபான் அவளைப் பார்க்காமல் இருப்பதற்காகவே ஞானசம்பந்தத்தின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாம்மா" என்றான். "கம்பி சரியா உக்காரல. என் தப்புதான்."

இல்லை என்று சொல்ல குமுதாவின் வாய் திறந்தது. சுற்றிலும் ஐம்பது முகங்கள். மகளின் முகம். எதைச் சொல்வாள்? கார் சரியாகிவிட்டது, நான்தான் இன்னொரு தடவை போனேன், எனக்குச் சிரிப்பு வந்தது என்றா? அவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து யாரோ தோளைத் தடவினார்கள். மறுபடி நிமிர்ந்து பார்த்தபோது இர்ஃபான் அங்கே இல்லை. வெளியே சவ வண்டிக்கு வழிவிட்டு ஒரு லோரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்த அவன் குரல் மட்டும் கேட்டது.

*

செவ்வாய்க்கிழமை காலை சாம்பலைக் கரைக்க மோரிப்புக் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். பானையை மடியில் வைத்துக்கொண்டு ஷாமினியும் குகனும் ஒரு காரில். பூசைக்குப் பண்டாரமும் அவர்களோடு ஏறிக்கொண்டார். பெண்டாட்டி போகிற வழக்கமில்லை என்று யாரோ சொன்னார்கள். "அம்மா வரட்டும்" என்றாள் ஷாமினி.

"நான் வால்வோவை எடுத்துக்கிட்டுப் பின்னால வரேன்" என்றாள் குமுதா.

"இப்ப எப்படிம்மா ஓட்டுவீங்க? காரு வேற சரியில்லன்னீங்களே."

"ஓட்டுவேன்."

சாவியைப் போட்டுத் திருப்பும்போது பக்கத்துக் கதவு திறந்தது. பஞ்சவர்ணம் ஒரு கையால் புடவையைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க ஏறி உட்கார்ந்தாள். "அந்தக் காருல இடம் இல்ல" என்றாள். இடம் இருந்தது.

கிள்ளான் நெரிசலைத் தாண்டி, ஜெஞ்சாரோம் சிக்னலையும் தாண்டினார்கள். பாந்திங் போகும் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே யாரும் இல்லை. குமுதா வலப்பக்க விளக்கைப் போட்டு, வண்டியை வெளியே எடுத்து, அழுத்தினாள். கார் எந்தத் தகராறும் இல்லாமல் லோரியைத் தாண்டித் தன் இடத்துக்கு வந்தது.

பஞ்சவர்ணம் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லாத்தானே ஓடுது."

"அன்னிக்கே நல்லாத்தான் ஓடுச்சு அண்ணி."

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை.

"இர்ஃபான் மேல தப்பில்ல. அவர் ரெண்டாவது தடவையிலயே முடிச்சுட்டாரு. வீட்டுக்குப் போலாம்னுதான் சொன்னாரு. நான்தான் இன்னொரு தடவைன்னு போனேன். காரைப் பாக்கறதுக்கு இல்ல. எனக்கு... நல்லா இருந்துச்சு. ஜன்னலை எறக்கிட்டு ஓட்டுனேன். சிரிச்சேன். நீங்க போன் அடிச்சப்ப நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்."

பஞ்சவர்ணம் கைகளை மடியில் வைத்து, நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பள்ளிக்கூடம் கடந்தது. ஒரு சீனக் கோயில், டுரியான் விற்கும் ஒரு கொட்டகை, மறுபடி செம்பனை. திட்டுவாள் என்று குமுதா காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் பட்டது.

"நான் தூங்கிட்டேன்" என்றாள் பஞ்சவர்ணம்.

குமுதாவுக்கு முதலில் புரியவில்லை.

"நீங்க போனதும் அவன் கண்ணை மூடிக்கிட்டு அமைதியா இருந்தான். நான் நாக்காலியிலதான் உக்காந்திருந்தேன். நாலு ராத்திரி முழிச்சவ... எப்ப கண்ணசந்தேன்னு தெரியல. முழிச்சுப் பாத்தா... வாய் தொறந்து கெடந்துச்சு. ஒடனே ஒனக்குப் போன் அடிச்சேன்."

"பால் குடுத்தேன்னீங்க."

"குடுத்தேன். அப்புறமா. வெளியதான் வழிஞ்சுச்சு."

சாலையில் வெயில் ஏறியிருந்தது. முன்னால் போகும் குகனின் கார் சிறியதாகத் தெரிந்தது. குமுதா வேகத்தைக் கூட்டவில்லை.

"அப்ப எத்தனை மணிக்கு...?"

"தெரியாது குமுதா. நீங்க கேட்டைத் தாண்டுன ஒடனேயா, அரை மணி கழிச்சா, எதுவும் தெரியாது. ஒன்பது வயசுலேர்ந்து வளத்தேன். ஒரு கால் மணி முழிச்சிருக்க முடியல என்னால."

அவள் குரல் உடையவில்லை. ஆனால் மூக்கிலிருந்து நீர் வழிந்து உதட்டுக்கு வந்தது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. குமுதா கியர் பக்கத்திலிருந்த டிஷ்யூ பெட்டியை ஒரு கையால் எடுத்து நீட்டினாள். பஞ்சவர்ணம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

பாந்திங் பாலத்தை ஏறி இறங்கிய பிறகு பஞ்சவர்ணம் மறுபடி பேசினாள்.

"அந்த இர்ஃபானை எட்டாம் நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிடு."

"நான் கூப்பிட்டா வருவாரா தெரியல. நான் அங்க வாயே தொறக்கலியே அண்ணி."

"அப்ப நம்பரைக் குடு. நானே கூப்பிடறேன். அத்தனை பேரு முன்னால சொன்னவ நான்தானே. அத்தனை பேரு முன்னாலயும் வச்சு அவனுக்கு எலை போடணும்."

"நானும் சொல்லணும்" என்றாள் குமுதா. "ஷாமினிகிட்ட."

"சொல்லு."

மோரிப்பில் கடல் இல்லை. தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் வரை சாம்பல் நிறச் சேறு பளபளத்தது. கடல் எங்கே என்பது ஒரு வெள்ளைக் கோடாக மட்டும் தெரிந்தது. குகன் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை சேறோடு திரும்பி வந்தான்.

"இப்ப எறங்க முடியாதுத்தே. தண்ணி ஏற இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்னு அங்க மீன் புடிக்கிறவர் சொல்றாரு."

பண்டாரம் மரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தார். ஷாமினி பானையை மடியிலிருந்து இறக்காமல் சிமென்ட் பெஞ்சில் இருந்தாள். குமுதா போய் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஞ்சவர்ணம் வந்து குமுதாவின் மறுபக்கத்தில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள்.

யாருக்கும் அவசரமில்லை. சேற்றில் ஆயிரக்கணக்கான நண்டு வளைகள். கொஞ்ச நேரத்தில், அலை எதுவும் இல்லாமல், மெல்லிசாக ஒரு தண்ணீர்த் தகடு தூரத்திலிருந்து நகர்ந்து வருவது தெரிந்தது. ஒரு வளை நிறைந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.